செம்பியின் குட்டி

மகேஸ்வரனிடம் மொத்தம் மூன்று புத்தகங்கள் இருந்தன. மூன்றும் குதிரைப் பந்தயத்தைப் பற்றியவை, மூன்றும் ஆங்கிலம். கொல்கத்தா காலேஜ் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகம் விற்பவரிடம் வெவ்வேறு வருஷங்களில் வாங்கியவை. சென்னை கிண்டியில் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுக் குதிரை லாயத்துக்குப் போனவன் அவன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த மூன்றையும் திரும்பத் திரும்பப் படித்துத்தான் ஆங்கிலம் கற்றுக்கொண்டான்.

முதலாவது, இங்கிலாந்தில் ஐம்பது வருஷம் குதிரைகளைப் பழக்கிய ஒருவர் வயதான பிறகு எழுதிய நினைவுகள். இரண்டாவது ஒரு நாவல். அயர்லாந்தில் ஒரு ஏழைக் குடும்பம் வளர்க்கிற, எந்தப் பந்தயத்திலும் ஜெயிக்காத குதிரையைப் பற்றியது. மூன்றாவதில் கதையே கிடையாது. தலையணை கனத்துக்கு இருக்கும் அதில், எந்தக் குதிரைக்கு எது தாய், அந்தத் தாய்க்கு எது தாய் என்று நூற்றைம்பது வருஷத்து வம்சாவளிகள் கட்டம் கட்டமாகப் போட்டிருக்கும். அதைத்தான் அவன் அதிகம் படித்தான், சாப்பிடும்போதுகூட.

அவன் மனைவி சங்கரி அவற்றைத் தூசி தட்டி வைப்பாளே தவிரப் பிரித்துப் பார்த்ததில்லை. கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர். ரேஸ் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. மகள் பந்தயக் குதிரை ஓட்டுகிற ஒரு ஜாக்கியைக் கட்டிக்கொண்ட பிறகு டாக்குரியாவில் இருந்த அவள் வீட்டுக்கு அவர் ஒரே ஒரு தடவைதான் வந்தார். சங்கரி பார்க் சர்க்கஸ் ஸ்டேஷன் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சர். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அவள் ரேஸ் கோர்ஸுக்குள் காலெடுத்து வைத்ததில்லை.

"நான் வந்து பாத்தா நீங்க விழுந்துடுவீங்கன்னு தோணுதுங்க" என்பாள்.

அவள் பார்க்காத ஒரு ஜனவரிச் சனிக்கிழமையில் அவன் விழுந்தான்.

அன்று அவன் ஓட்டியது நான்கு வயதுப் பெட்டைக் குதிரை. பதிவேட்டில் அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர். செம்பு நிறம் என்பதால் மகேஸ்வரன் 'செம்பி' என்று கூப்பிட்டான், பிறகு லாயம் முழுக்க அப்படியே கூப்பிட்டது. கடைசி வளைவில் அதன் முன்னங்கால் எலும்பு முறிந்தது. யார் மேலும் தப்பில்லை. ஓடுகிற குதிரைக்குச் சில சமயம் அப்படி ஆகும். மகேஸ்வரன் தலைகுப்புற விழுந்ததில் கழுத்தெலும்பு நொறுங்கிவிட்டது.

ஒன்பதாவது நாள் தொண்டையிலிருந்து குழாயை எடுத்தார்கள். சங்கரி ஒரு பக்கம் நின்றாள். மறுபக்கம் முகமது ரபீக் நின்றார். வாணியம்பாடிக்காரர், அறுபது வயது. கொல்கத்தா லாயத்தில் முப்பது வருஷமாகக் குதிரைகளுக்குத் தீனி வைத்து, தேய்த்து, நடக்கவைத்துப் பார்த்துக்கொள்பவர். செம்பியையும் அவர்தான் பார்த்துக்கொண்டார்.

மகேஸ்வரன் முதலில் கேட்டது, "செம்பி?"

ரபீக் சங்கரியைப் பார்த்தார். மனதைக் கலங்கவைக்கிற எதையும் இப்போது சொல்ல வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சங்கரி வேண்டாம் என்று தலையை லேசாக ஆட்டினாள்.

"நல்லாருக்கா தம்பி. கால்ல அடி. இனி ஓட முடியாதுன்னு புனே பக்கம் பண்ணைக்கு அனுப்பிட்டாங்க" என்றார் ரபீக்.

செம்பியை விழுந்த அன்று மத்தியானமே, ஓடுபாதையிலேயே, ஊசி போட்டு முடித்திருந்தார்கள். கால் முறிந்த பந்தயக் குதிரை பிழைக்காது. ஒரு வாரம் போகட்டும், உடம்பு தேறியதும் சொல்லிவிடலாம் என்று சங்கரி நினைத்தாள்.

உடம்பு தேறவில்லை. இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தபோது கழுத்துக்குக் கீழே இடது கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் அசைந்தது. கூடத்தில் வாடகைக்குக் கட்டில் எடுத்துப் போட்டார்கள். சங்கரி பள்ளிக்கூடம் போகிற நேரத்துக்கு ஒரு ஆயா வந்து பார்த்துக்கொண்டாள். பன்னிரண்டு வயது மகள் அனன்யா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். மகேஸ்வரன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். பேச்சு குறைந்துகொண்டே போனது.

மே மாதம் ஒரு சாயங்காலம், சங்கரி டீ புகட்டிக்கொண்டிருந்தபோது கேட்டான்: "என் புஸ்தகத்த எடுத்துப் படிச்சுக் காட்டறியா?"

"எத?"

"பெருச."

அவள் வம்சாவளிப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். "இதுல படிக்க என்னங்க இருக்கு? வெறும் பேரா இருக்கு."

"பேருதான். படி."

வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதுபோல அவள் பெயர்களை வாசித்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். ஒரு பெயர் வந்ததும், "இது மழைச் சேறுன்னா பறக்கும்" என்றான். இன்னொன்றுக்கு, "இது பயந்தாங்கொள்ளி. ஆனா இதோட பொண்ணுங்க எல்லாம் சூரிங்க" என்றான். நூறு வருஷத்துக்கு முன் செத்த குதிரைகளைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசினான். அடிபட்ட பிறகு அவன் அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் வாசிப்பு. அவளுக்குப் புரியாததை அவன் விளக்கினான். ஜாக்கிகள் எடையைக் குறைக்க எப்படிப் பட்டினி கிடப்பார்கள், குதிரையின் மூச்சுச் சத்தத்தை வைத்து இன்னும் எவ்வளவு ஓடும் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதையெல்லாம் சொன்னான். பதினான்கு வருஷமாகக் கூட இருந்தும் அவன் காலை நான்கு மணிக்கு எழுந்து எங்கே, எதற்காகப் போனான் என்று தனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். அவள் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ரபீக் வருவார். மகேஸ்வரன் செம்பியைப் பற்றிக் கேட்பான். அவர் பண்ணையில் தெரிந்த ஆள் ஒருவர் இருப்பதாகவும் போனில் விசாரித்ததாகவும் சொல்வார். நல்லாத் திங்குது, வெயிலில் புல்வெளியில் விடுகிறார்கள், கொஞ்சம் சதை போட்டிருக்கிறது என்பார். ஜூன் கடைசியில் ஒரு ஞாயிறு, மகேஸ்வரன் சோறு வேண்டாமென்று இரண்டு நாளாக வாயைத் திறக்காமல் கிடந்தான். அன்றைக்கு ரபீக், "தம்பி, செம்பி சினையா இருக்காளாம்" என்றார்.

மகேஸ்வரன் கழுத்தைத் திருப்பினான். "ஆண் எது?"

ரபீக் ஏதோ ஒரு பெயரைச் சொன்னார். மகேஸ்வரன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நல்ல சேர்க்கை" என்றான். அன்று மத்தியானம் ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

சங்கரி ரபீக்கை மாடிப்படி வரைக்கும் வழியனுப்பப் போனாள். "ஏன் பாய் இப்படி? இத எங்க கொண்டுபோய் நிறுத்தறது?"

"அவன் சாப்பிட மாட்டேங்கறான்னு நீதானம்மா சொன்ன" என்றார் அவர். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப்போனார்.

அதன்பிறகு அந்தக் குட்டி வீட்டில் வளர ஆரம்பித்தது. மகேஸ்வரன் சொல்லச் சொல்ல அனன்யா சார்ட் பேப்பரில் கட்டம் போட்டாள். கீழே குட்டிக்கு ஒரு வெறும் கட்டம், அதற்கு மேலே செம்பி, அதற்கும் மேலே செம்பியின் தாய், தாயின் தாய் என்று ஐந்து தலைமுறை. புத்தகத்தில் தேடிச் சங்கரி பெயர்களை எடுத்துக் கொடுத்தாள். தேடும்போது அவளுக்கே சில சமயம் மறந்துபோகும். இந்தத் தாய்க்கு அந்தத் தகப்பன் சரிதானா என்று அக்கறையோடு பக்கத்தைப் புரட்டுவாள். பிறகு சட்டென்று நினைவு வரும், விரல் அப்படியே நின்றுவிடும்.

சார்ட்டைக் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினார்கள். மாஷிமா என்று இவர்கள் கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளிப் பெரியம்மா மேலே வந்தபோது மகேஸ்வரன் தன் வங்காளத்தில் அவருக்கும் அதை விளக்கினான்.

மறுவருஷம் பிப்ரவரியில் குட்டி பிறந்தது என்று ரபீக் சொன்னார். பொட்டைக் குட்டி, அம்மா நிறமே, நெற்றியில் பிறை மாதிரி ஒரு வெள்ளைப் பொட்டு. மகேஸ்வரனின் கண் ஓரத்தில் நீர் இறங்கியது. அனன்யா துடைத்துவிட்டாள். பெயர் வைக்கும் பொறுப்பை அவன் மகளிடமே கொடுத்தான். அவள் பள்ளிக்கூடத்தில் தோழிகளைக் கலந்து பேசி, 'ஜொனாக்கி' என்று வெறும் கட்டத்தில் எழுதினாள். வங்காளத்தில் மின்மினி.

மார்ச்சில் குதிரை பழக்குபவரின் நினைவுப் புத்தகம் ஓடிக்கொண்டிருந்தது. சங்கரிக்கு அந்தக் கிழவரைப் பிடித்திருந்தது. முன்கூட்டிப் படித்து வைத்துக்கொள்ள அவளுக்கு நேரம் இருந்ததில்லை. அதனால் பன்னிரண்டாவது அத்தியாயத்தை எந்த யோசனையும் இல்லாமல்தான் ஆரம்பித்தாள். ஒரு மழை நாள், ஒரு பந்தயம், அவருக்கு மிகவும் பிடித்த பெட்டைக் குதிரை. அது ஓடும்போது கால் முறிந்துவிடுகிறது என்ற இடம் வந்தது. அடுத்த வரியைக் கண்ணால் பார்த்தவள் நிறுத்திவிட்டாள்.

"தொண்டை கட்டுது. நாளைக்குப் பாக்கலாம்" என்றாள்.

மறுநாள் பதிமூன்றாவது அத்தியாயத்திலிருந்து தொடங்கினாள். அவள் குரலை இயல்பாக வைத்துக்கொண்டு பத்துப் பக்கம் படித்தாள்.

அந்த ஞாயிறு ரபீக் வந்தபோது மகேஸ்வரன் செம்பியைப் பற்றிக் கேட்கவில்லை. அவராகவே, குட்டி துள்ளிக் குதிக்கிறது என்று சொன்னார். அவன் மின்விசிறியைப் பார்த்தபடி "சரி பாய்" என்றான். அடுத்த ஞாயிறும் அப்படியே. திங்கட்கிழமை சாயங்காலம், அனன்யா டியூஷன் போயிருந்த நேரம், சங்கரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன் செம்பியப் பத்திக் கேக்கறதே இல்ல இப்பல்லாம்?"

அவன் கண் எதிர்ச் சுவரில் இருந்த சார்ட்டுக்குப் போனது. பிறகு, "பன்னெண்டாவது ஏன் விட்ட?" என்றான்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்தப் புஸ்தகத்த நான் எத்தன வாட்டி படிச்சிருப்பேன். எனக்குத் தெரியாதா? அதுல என்ன வருதுன்னு தெரிஞ்சுதான் படிக்கச் சொன்னேன். நீ சும்மா கடகடன்னு படிச்சிட்டுப் போயிருந்தா, ஒண்ணுமில்ல, என் பொண்டாட்டிக்கு மறைக்க ஒண்ணுமில்லன்னு இருந்திருப்பேன்."

"டாக்டர் அப்ப..."

"எலும்பு உடைஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுது சங்கரி. கீழ விழறதுக்கு முன்னாடியே கேட்டுது. காஞ்ச குச்சிய ஒடிச்ச மாதிரி. அந்தச் சத்தம் கேட்டா அப்புறம் பண்ணையும் இல்ல, புல்லும் இல்ல. அது கிண்டியில பதிமூணு வயசுலயே எனக்குத் தெரியும்."

"அப்ப எங்களக் கேட்டிருக்கலாமே."

"நீங்க ரெண்டு பேரும் அவ்ளோ நல்லா சொன்னீங்க." அவன் குரல் உடைந்தது. "நான்தான் தப்பாக் கேட்டுட்டேன் போலன்னு நெனச்சுக்கிட்டேன். குட்டி பொறந்தப்ப நெஜமாவே நம்பிட்டேன்."

சங்கரி அவன் மார்பில் முகத்தை வைத்து அழுதாள். அவள் கன்னம் பட்டது அவனுக்குத் தெரிந்திருக்காது. தலை அசைவதை மட்டும் பார்த்தான்.

அடுத்த ஞாயிறு ரபீக் வந்ததும் மகேஸ்வரன், "பாய், அன்னைக்கு நடந்தத சொல்லுங்க" என்றான். ரபீக் சங்கரியைப் பார்த்தார். இந்தத் தடவை அவள் சும்மா நின்றாள். அவர் தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்துக்கொண்டார்.

"உன்ன ஆம்புலன்ஸ்ல ஏத்தினாங்க. செம்பி மூணு கால்ல நின்னுக்கிட்டு இருக்கறதப் பாத்தேன். சுத்தித் திரை கட்டினாங்க. நான் தலையப் பிடிச்சுக்கிட்டேன். டாக்டர் ஊசி ரெடி பண்ண ரெண்டு நிமிஷம் ஆச்சு. அந்த ரெண்டு நிமிஷம் அவ என் சட்டப் பையில மூக்க வெச்சு வெல்லம் தேடினா தம்பி."

"இருந்துச்சா?"

"இருந்துச்சு. குடுத்தேன். தின்னா. அப்புறம்தான் ஊசி."

கீழே தெருவில் மீன்காரர் கூவிக்கொண்டு போனார்.

"அந்த நெத்திப் பொட்டு," என்றான் மகேஸ்வரன், "அது நீங்களா யோசிச்சதா?"

"செம்பியோட அம்மாவுக்கு அப்படி இருந்துச்சுப்பா. அதையும் நான்தானே பாத்துக்கிட்டேன். நீ கேட்டப்ப அதுதான் வாய்ல வந்துச்சு." ரபீக் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். "மன்னிச்சிரு தம்பி."

"விடுங்க பாய்" என்றான் அவன். "ஒரு வருஷம் நல்லா வளத்தீங்க."

அனன்யாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. சங்கரி சமையலறையில் வைத்துச் சொன்னாள். அனன்யா கேட்டுவிட்டு, "தாஹொலே ஓ ச்சிலோ-இ நா?" என்றாள். அப்படியானால் அது இருக்கவே இல்லையா? பிறகு போய்ச் சுவரில் இருந்த சார்ட்டைக் கிழிக்காமல், நான்கு மூலையிலும் டேப்பை மெதுவாக உரித்து, சுருட்டி எங்கோ வைத்துவிட்டாள். அம்மாவோடு நான்கு நாள் பேசவில்லை.

மூன்று வாரம் வாசிப்பு நின்றுபோனது. மகேஸ்வரன் சாப்பிட்டான், மருந்து குடித்தான், யாரையும் குறை சொல்லவில்லை. அவன் முகத்தில் இருந்த அந்த எதிர்பார்ப்பு மட்டும் போய்விட்டிருந்தது. ஏப்ரலில் காலவைசாகி என்கிற கோடைப் புயல் அடித்து ஓய்ந்த ஒரு சாயங்காலம், ஈரக்காற்று ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தபோது, "பன்னெண்டாவது படி" என்றான்.

அவள் படித்தாள். பதினெட்டுப் பக்கம். அந்தக் கிழவர் எதையும் அலங்கரித்து எழுதவில்லை. குதிரை எப்படி விழுந்தது, எப்படி எழ முயன்றது, தான் அதன் காதில் என்ன சொன்னார், வெறும் கடிவாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு எப்படி வீட்டுக்கு நடந்தார் என்று வரிசையாகச் சொல்லியிருந்தார். இரண்டு இடத்தில் சங்கரியின் குரல் நின்றது. அவன் காத்திருந்தான், அவள் மறுபடி தொடங்கினாள். அவன் கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கியது. அவனால் துடைத்துக்கொள்ள முடியாது. அவள் ஒரு கையில் புத்தகமும் இன்னொரு கையில் புடவைத் தலைப்புமாகத் துடைத்துக்கொண்டே படித்து முடித்தாள்.

"இந்த மனுஷன் பொய் சொல்ல மாட்டார்" என்றான் அவன். "அதான் எனக்கு இந்தப் புஸ்தகம் பிடிக்கும்."

பிறகு நாவலை எடுத்தார்கள். அந்த ஜெயிக்காத குதிரையின் கதை. அதில் சிரிக்கிற மாதிரி நிறைய இருந்தது. அனன்யாவும் மெல்ல வந்து தரையில் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தாள். கடைசியில் என்ன ஆகும் என்று சங்கரி கேட்டபோதெல்லாம், "நீயே படிச்சுத் தெரிஞ்சுக்கோ" என்பான்.

மழைக்காலத்தில் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தான், மறுபடி போனான். ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி காலை, சங்கரி அவன் நெற்றியில் கை வைத்திருக்கும்போதே மூச்சு நின்றது. நாவலில் அறுபது பக்கம் பாக்கி.

கேவ்ராதலா சுடுகாட்டுக்குப் போகப் பாடையைத் தூக்கியவர்களில் ரபீக்கும் ஒருவர். "பஞ்சு மாதிரி இருக்கான்" என்று ஒரு தடவை சொன்னார். பந்தயத்துக்கு எடை குறைக்கப் பட்டினி கிடந்த நாளில்கூட அவன் இவ்வளவு லேசாக இருந்ததில்லை. சங்கரி அழவில்லை. வந்தவர்களுக்கு டீ போட்டாள், பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதினாள், ஆயாவை நிறுத்தினாள், வாடகைக் கட்டிலைத் திருப்பி அனுப்பினாள். எல்லோரும் திடமாக இருக்கிறாள் என்றார்கள்.

செப்டம்பரில் வேலைக்குப் போகத் தொடங்கினாள். டாக்குரியாவில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் பார்க் சர்க்கஸ். ஒருநாள் கிளம்பும்போது நாவலைப் பையில் போட்டுக்கொண்டாள். பெண்கள் பெட்டியில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால் நாலைந்து பக்கம் படிப்பாள். மனதுக்குள் படிக்க வரவில்லை. உதடு அசைந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு பத்தி முடிந்ததும், அவன் ஏதாவது சொல்வானோ என்று கொஞ்சம் நிறுத்துவாள்.

மூன்றாவது வாரம் கடைசிப் பக்கங்களுக்கு வந்தாள். குதிரை கடைசிப் பந்தயத்திலும் ஜெயிக்கவில்லை. ஐந்தாவதாக வந்தது. அந்த வீட்டுக்காரர்கள் அதைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார்கள். அவ்வளவுதான் கதை. அவள் நிமிர்ந்து பார்த்தபோது வண்டி சியால்தாவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. பார்க் சர்க்கஸ் எப்போதோ போயிருந்தது.

பிளாட்பாரத்தில் கூட்டத்தோடு இறங்கினாள். பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ண வேண்டும் என்று செல்லை எடுத்தாள், எண்ணை அழுத்த முடியவில்லை. ஒரு தூணில் சாய்ந்துகொண்டு அழ ஆரம்பித்தாள். பக்கத்தில் கூடையில் கொய்யாப்பழம் வைத்து விற்றுக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்தாள்.

"கீ ஹோயேச்சே, தீதி?" என்ன ஆச்சு அக்கா என்று கேட்டாள்.

சங்கரிக்கு வங்காளம் தாய்மொழி மாதிரி. அந்த நேரம் அது வாயில் வரவில்லை.

"என் வீட்டுக்காரர் செத்துப்போயிட்டார்மா" என்றாள் தமிழில். ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த வார்த்தையை அவள் யாரிடமும் சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. கூடையை ஒரு பக்கம் நகர்த்தி, கீழே விரித்திருந்த சாக்கில் இடம் விட்டு, அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். எதிரில் அடுத்த வண்டி வந்து நின்றது. ஆட்கள் இறங்கி இவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.